உடனே பதில் சொல்லாதவர்

அவரிடம் மணி என்ன என்று கேட்டாலும் உடனே பதில் வராது. கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், கேட்டவர் முகத்தைப் பார்ப்பார், வெளியே வெயிலைப் பார்ப்பார். அப்புறம்தான் சொல்லுவார். அதற்குள் கேட்டவர் வேறு யாரிடமாவது விசாரித்துக்கொண்டு போயிருப்பார். புதுச்சேரி சாரத்தில் நான் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருந்த காலத்தில் என் பொறுமையை அதிகம் சோதித்த வாடிக்கையாளர் அவர்தான். "எத்தனை காப்பி சார்?" என்று கேட்டுவிட்டு, இன்னொருவருடைய ரேஷன் கார்டை முழுசாக ஜெராக்ஸ் எடுத்து முடித்திருப்பேன். அப்போது பின்னாலிருந்து குரல் வரும்: "ரெண்டு போதும்மா."

காது மந்தமோ என்று முதலில் நினைத்தேன். அவர் மறந்துவிட்டுப் போன குடையை எடுக்க ஒருநாள் அவருடைய வீட்டம்மா வந்தபோது கேட்டேவிட்டேன். அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது. பொண்ணு பாக்க வந்தப்ப எங்கப்பா, 'பொண்ணு புடிச்சிருக்கா'ன்னு கேட்டாரு. இவரு வாயத் தெறக்கறதுக்குள்ள எங்கம்மா உள்ள போயி ஒருதரம் அழுதுட்டு வந்துட்டாங்க."

எல்லாவற்றுக்கும் காரணம் பாய்லர். ஒரு மில்லின் பாய்லர் அறையில் மீட்டர்களையும் வால்வுகளையும் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியராக இருந்தவர் அவர். பாய்லரை நிறுத்தியபோது அவரையும் சேர்த்து நிறுத்திவிட்டார்கள். வேலையில் சேர்ந்த புதிதில் நடந்த ஒரு சங்கதியை என்னிடம் பத்து தடவையாவது சொல்லியிருப்பார்.

"நீராவிய திடீர்னு அதிகமா இழுத்தா, கண்ணாடிக் குழாயில தண்ணி மட்டம் ஏறுற மாதிரி தெரியும்மா. நெஜத்துல தண்ணி கொறஞ்சிகினு இருக்கும். உள்ள பொங்கறதால ஏறுன மாதிரி காட்டும். புதுசா வந்தவன் அதப் பாத்துட்டு ஒடனே தண்ணிய மூடுவான். பாய்லர் காஞ்சிபோவும். அப்புறம் வெடிக்க வேண்டிதுதான். நானும் மூடப் போனேன்."

"மூடிட்டீங்களா?"

அவர் விட்டத்தைப் பார்த்தார். நான் அரைப் பக்கம் டைப் அடித்தேன்.

"பக்கத்துல இருந்தவரு கையத் தட்டிவுட்டாரு. இல்லன்னா எங்க வீட்டுல போட்டோவுக்குத்தான் மாலை போட்டிருப்பாங்க."

அன்று முதல் கண்ணுக்குத் தெரிவதை அவர் உடனே நம்புவதில்லை. கேட்டதற்கு உடனே பதில் சொல்வதுமில்லை. வாழ்க்கை முழுவதையும் இந்த ஒரே சங்கதியின் மேல் கட்டிவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். அவருடைய சட்டைப் பையில் எப்போதும் பென்சிலும் மடித்த தாளும் இருக்கும். தாள் முழுக்கப் பெட்டிகள், பெட்டிக்குப் பெட்டி அம்புக்குறிகள். அதை நான் கம்ப்யூட்டரில் வரைந்து தர வேண்டும். ஒரு அம்பு அரை விரற்கடை நகர்ந்திருந்தாலும் திரும்ப வரையச் சொல்வார். பக்கத்துக் கடைப் பெண்கள் அந்தக் கட்டங்களைப் பார்த்துவிட்டு அவரை ஜோசியர் என்று நினைத்து, பிள்ளைகளின் பிறந்த நேரத்தை எழுதிக்கொண்டு வந்து நின்றதும் உண்டு. ஒருத்தியிடம் அவர் அதையும் வாங்கி ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, "எனக்கு இது தெரியாதும்மா" என்று திருப்பிக் கொடுத்தார். அந்த ஐந்து நிமிஷத்தில் அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துப்போய்விட்டது, பாவம்.

பெட்டிகளுக்குள் இருந்தவை நாடுகள். நம் எல்லையில் இரண்டு பக்கமும் படைகள் மாதக்கணக்கில் முகத்துக்கு முகம் நின்றுகொண்டிருந்த நேரம் அது. டீக்கடையில் ஆளாளுக்குப் படையெடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் அந்தச் சண்டையை ஒரு பழுதான இயந்திரத்தைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

"ரெண்டு பேருமே ஒருத்தன ஒருத்தன் லேட்டா பாக்குறான். லேட்டா பாத்துட்டு பலமா அடிக்கிறான். இந்த ரெண்டும் சேந்தா எந்த மெஷினும் ஆடும்மா. ஆட்டம் பெருசாயிகிட்டே போவும். கெட்டவன் ஒருத்தனும் வேணாம். நல்லவங்க ரெண்டு பேரே போதும், ஒலகத்த அழிக்க."

சீக்கிரம் பார், மெதுவாகப் பதில் சொல், வாங்கியதைவிடக் குறைவாகத் திருப்பிக் கொடு. அவருடைய சித்தாந்தம் மொத்தமே இவ்வளவுதான். இதை நாற்பது பக்கம் கணக்குப் போட்டு ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அதை டைப் அடித்தவள் நான். கணக்கு எனக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை.

இந்தப் பைத்தியம் ஏன் பிடித்தது என்று ஒருநாள் கேட்டேன். அந்தப் பதிலுக்கு இரண்டு நாள் ஆயிற்று. மாமனார் என்றார். அவருடைய மாமனார் ஒரு சொல்தா; பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து கடல் தாண்டிப் போய்ச் சண்டை போட்டு வந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். "யாருக்காக யார அடிக்கிறோம்னு தெரியாமலே ரெண்டு சண்டைக்குப் போயிட்டு வந்த மனுஷன். கடைசி காலத்துல பேச்சு நின்னுபோச்சி. சோறு வேணுமான்னு கேட்டா அழுவாரு. அவர நான் குளிப்பாட்டி இருக்கேம்மா." இதைச் சொல்லிவிட்டு அம்புக்குறி ஒன்று கோணலாக இருப்பதாகக் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

கட்டுரையை அவர் பல தலைநகரங்களுக்கு அனுப்பினார். பெரும்பாலும் பதில் இல்லை. ஓர் அலுவலகம் மட்டும், 'பாய்லர் தொடர்பான தங்கள் புகார் உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று எழுதியது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார், நான் சிரித்து முடித்துப் பிரிண்டருக்குத் தாள் வைத்த பிறகு. பிறகு வெளிநாட்டில் ஒரு பொறியாளர் கூட்டத்திலிருந்து கடிதம் வந்தது. இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் வித்தையால் நாடுகளுக்கிடையே அமைதியை நிலைநிறுத்த முடியுமா என்று பேசுவதற்காகவே அவர்கள் கூடுகிறார்களாம். உலகத்தில் இவரைப் போல இன்னும் நாலு பேர் இருக்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியம். உங்கள் யோசனை நன்றாக இருக்கிறது, சின்ன அளவிலாவது எங்காவது செய்து பார்த்தீர்களா என்று கேட்டிருந்தார்கள்.

அவர் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு என் கடை ஸ்டூலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"எதுக்கு சார் நாடு நாடா அலையறீங்க? எங்க குப்பத்துக்கு வாங்க. வருஷத்துக்கு ரெண்டு சண்டை கேரண்டி."

கேலிக்குத்தான் சொன்னேன். நாலாம் நாள் அவர் கடைப் படியில் நின்றுகொண்டு, "வர்றேம்மா" என்றார். எதற்கு என்று நினைவுபடுத்திக்கொள்ளவே எனக்கு நேரம் பிடித்தது.

எங்கள் குப்பத்தின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் இன்றைக்கும் வரிந்துகட்டிக்கொண்டு வருவார்கள். காலாப்பட்டுக்குப் போகிற வழியில் கடலோரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் கல்யாணமாகி சாரத்துக்கு வந்துவிட்டேன். அம்மா அங்கேயே இருந்து மீன் விற்றாள். தம்பி ஃபைபர் போட்டில் தொழிலுக்குப் போனான். வடக்கே கூப்பிடு தூரத்தில் இன்னொரு குப்பம். அவர்களும் எங்கள் ஆட்கள்தான், பெண் கொடுத்து எடுத்தவர்கள்தான். அவர்கள் சுருக்கு வலை போட்டுக் குஞ்சுமீனையும் விடாமல் வாரிவிடுகிறார்கள் என்று எங்களுக்குக் கோபம். நாங்கள் அவர்கள் வலையை வேண்டுமென்றே அறுக்கிறோம் என்று அவர்களுக்குக் கோபம். ஒருவன் வலை கிழிந்தால் மறுநாள் இன்னொருவன் மண்டை உடையும்.

வந்தவர் இரண்டு குப்பத்துக்கும் மாறி மாறி ஆறு மாதம் நடந்தார். ஊர்த் தலைவரை நாங்கள் நாட்டார் என்போம். எங்கள் நாட்டார் முதல் நாள் அவரிடம், "சண்டையில எங்க பக்கம் நாயம் இருக்குதா இல்லியா, அதச் சொல்லு சார்" என்றார். சார் கடலைப் பார்த்தபடி நின்றார். நாட்டார் பீடி பற்ற வைத்துக் குடித்து முடித்துக் கீழே போட்டார். அதற்கப்புறம் சார் சொன்னார்: "தெரியல நாட்டாரே."

அந்தப் பதில்தான் எங்கள் ஆட்களுக்குப் பிடித்துப்போனது. சமாதானம் பேச வந்தவர்கள் எல்லாரும் வந்து இறங்கியதுமே தீர்ப்புச் சொன்னவர்கள். தெரியவில்லை என்று சொன்ன முதல் ஆள் இவர்.

குப்பத்துக்கு ஒரு செல்போன். அதுதான் அவர் ஏற்பாடு. அப்போது குப்பத்தில் செல்போன் வைத்திருந்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். இரண்டையும் அவரே வாங்கிவந்தார். ஒன்றில் மற்றதன் எண் மட்டும்தான் இருக்கும். கடலில் எது நடந்தாலும் முதலில் அந்தப் போனில் பேச வேண்டும். பேசிய பிறகு ஒரு நாள் பொழுது யாரும் கம்பைத் தொடக் கூடாது. திருப்பிச் செய்வது எதுவானாலும் வாங்கியதைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். வேறு யார் மூலமும் சேதி போகக் கூடாது என்பதில் மட்டும் ரொம்பக் கறாராக இருந்தார். நாலு வாய் மாறினால் சேதி விஷமாகிவிடும் என்பார்.

போனை எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல் வந்தது. எங்கள் குப்பத்துக்குள்ளேயே இரண்டு கட்சி. அவன் வீட்டில் வைத்தால் இவனுக்கு ஆகாது. கடைசியில் நாட்டார்தான் சொன்னார்: "அம்மன் கோயில்ல வைப்போம் சார். ஆத்தா முன்னாடி நின்னு எவனும் பொய் பேச மாட்டான்." சாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கோயிலில் கரண்ட் இருந்தது, பூட்டு இருந்தது, கூப்பிட்ட நேரத்துக்கு வரும் பூசாரி இருந்தார். "நாப்பது பக்கம் எழுதினேன், இது எனக்குத் தோணலியே" என்று என்னிடம் வந்து சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். வடக்குக் குப்பமும் அதே மாதிரி அவர்கள் கோயிலில் வைத்துக்கொண்டது.

எந்த இயந்திரம் செய்தாலும், அது எப்படியெல்லாம் கெட்டுப்போகும் என்று முதலில் எழுதிவிட வேண்டும் என்பது அவர் பழக்கம். அந்தப் பட்டியலை அவர் சொல்லச் சொல்லத் தமிழில் நான்தான் அடித்தேன். சார்ஜ் இறங்கலாம். கரண்ட் போகலாம். மழையில் கோயில் ஒழுகலாம். பூசாரி வெளியூர் போகலாம், அதனால் இன்னொரு சாவி நாட்டாரிடம். குடித்துவிட்டு எவனாவது பேசலாம். இப்படிப் பதினோரு வரி. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு மாற்று வழி. பதினோராவது வரிக்குக் கீழே நிறுத்திவிட்டு அவர் என்னைக் கேட்டார்:

"வேற ஏதாவது உட்டுப்போச்சா? நீ பொறந்த ஊராச்சே, யோசிச்சி சொல்லும்மா."

கடையில் மூன்று பேர் காத்திருந்தார்கள். "அவ்ளோதான் சார்" என்றேன். கீபோர்டிலிருந்து கையைக்கூட எடுக்கவில்லை.

அந்தப் போன் இரண்டு முறை வேலை செய்தது. முதல் முறை அவர்கள் போட் எங்கள் வலையைக் கிழித்துவிட்டது. ஆள் திரட்டிக்கொண்டிருந்தபோதே கோயிலில் போன் மணி அடித்தது. அவர்களே பேசி, தெரியாமல் பட்டுவிட்டது என்றார்கள். மறுநாள் வலை தைக்க நைலான் நூல் கட்டு ஒன்று வந்தது. இரண்டாவது முறை நங்கூரம் ஒன்று காணாமல் போய், போன் பேசி, அது எங்கள் பையன் ஒருவன் வீட்டுப் பின்னாலிருந்தே கிடைத்தது. அந்த வருஷம் மண்டை உடையவில்லை. சார் அதைக் கட்டுரையில் சேர்த்து அனுப்பினார். என் தம்பி கடைக்கு வந்தவன், "யக்கா, ஒன் சாரு கெட்டிக்காரருதான்" என்றான். பெருமையாக இருந்தது. உலகத்தில் சில விஷயங்களைச் சரிசெய்துவிடலாம் போலிருக்கிறதே என்று நானும் கொஞ்ச நாள் நம்பினேன். இப்போது நினைத்தால் அந்தக் கொஞ்ச நாள்தான் எனக்கு வலிக்கிறது.

சுனாமிக்கு முந்தின வருஷம், ஆவணியில் ஒருநாள். விடியற்காலையில் தம்பியும், எங்களுக்குப் பெரியப்பா முறை ஆகும் ஒருவரும் போன போட், வடக்குக் குப்பத்தின் வலையில் மாட்டிக் கவிழ்ந்துவிட்டது. பெரியப்பாவின் உடல் எங்கள் கரையில் ஒதுங்கியது. தம்பியைக் காணோம். சேதி கேட்டு நான் கடையைப் பூட்டியபடியே போட்டுவிட்டு ஓடினேன். அம்மா மணலில் விழுந்து கிடந்தாள். இரண்டு பேரும் போய்விட்டார்கள் என்றுதான் எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள்.

அப்போது கோயிலுக்குள் போன் அடித்தது.

எங்கள் குப்பத்தில் சாவு விழுந்தால் அம்மன் கோயிலைச் சாத்திவிடுவார்கள். பிணம் எடுத்து, தண்ணீர் தெளித்த பிறகுதான் திறப்பார்கள். கதவு பூட்டியிருந்தது. மணி நின்றது, திரும்ப அடித்தது. நான் ஓடிப்போய்ப் பூசாரி கையைப் பிடித்தேன்.

"தெறங்க, அவங்கதான் பேசுறாங்க. தம்பியப் பத்திக் கூட இருக்கும்."

"இன்னா பேசுற நீ? பொணம் கெடக்குது. எப்படித் தெறக்கறது? நீ இந்த ஊர்ல பொறந்தவதான?"

நாட்டாரிடம் இன்னொரு சாவி இருந்தது. அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். "செத்தவன் என் பங்காளிம்மா. நான் இன்னிக்கி வாசப்படியே மிதிக்கக் கூடாது."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் படித்தவள்தான், ஆனாலும் தீட்டோடு அந்தக் கதவைத் திறந்தால் தம்பிக்கு இன்னும் கேடு வந்துவிடும் என்ற பயம் எனக்கும் இருந்தது. பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே மணி அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்தில் ஒரு பையன், "செத்தானா இல்லியான்னு கேக்க அடிக்கிறானுங்க" என்றான். பத்து பேர் அதை நம்பினார்கள். கொஞ்ச நேரத்தில் நூறு பேர் நம்பினார்கள்.

கூப்பிட்டது வடக்கு நாட்டார். தம்பியை அவர்கள் கடலிலிருந்து தூக்கிக் காப்பாற்றி, மாற்றுக் கைலி கொடுத்து உட்காரவைத்திருந்தார்கள். அவன் உயிரோடு இருக்கிறான், வந்து அழைத்துப் போங்கள் என்று சொல்லத்தான் அந்தப் போன். எங்கள் பக்கம் எடுக்காததால், தம்பி என் கடை எண்ணைச் சொல்லியிருக்கிறான். அங்கேயும் அடித்திருக்கிறார்கள். பூட்டிய கடையில் யார் எடுப்பது? கடைசியில் சாரின் கட்டளையை மீறி இரண்டு ஆளை பைக்கில் அனுப்பினார்கள். நம்பிக்கைக்காகத் தம்பியின் ஈரச்சட்டையையும் கொடுத்தனுப்பினார்கள். கூட்டம் பார்த்தது அந்தச் சட்டையைத்தான். வந்த இருவரையும் வாயைத் திறக்கவே விடவில்லை. ஒருவன் கரையோரமாக ஓடித் தப்பித்தான். இன்னொருவன் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் செத்துப்போனான்.

தப்பியவன் வடக்கே போய்ச் சேர்ந்தபோது தம்பி டீ குடித்துக்கொண்டிருந்தானாம். காப்பாற்றியவர்களே அடித்தார்கள். உயிரோடு விட்டார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். வலது கை தோளிலிருந்து வேலை செய்வதில்லை. தலையிலும் அடி, சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பான். அவன் அடிக்கடி சொல்வது இது: "அவுங்க நல்லவங்கக்கா. டீயில சக்கர கூடப் போட்டுக் குடுத்தாங்க." இதை நான் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் எழுந்து வெளியே போய்விடுவேன்.

போலீஸ் வந்து இரண்டு கரையிலும் உட்கார்ந்தது. செல்போன்களை எடுத்துக்கொண்டு போனது. சார் ஸ்டேஷனுக்குப் போய், எங்கள் போனில் எத்தனை அழைப்பு தவறியிருக்கிறது என்று கேட்டிருக்கிறார். பதினேழு என்றார்களாம். அவர் அந்த எண்ணைத் தாளில் எழுதி ஒரு பெட்டி போட்டுவைத்திருந்ததைப் பின்னால் பார்த்தேன். பெட்டியிலிருந்து அம்புக்குறி எங்கேயும் போகவில்லை.

அடுத்த மாதம் வெளிநாட்டிலிருந்து கடிதம் வந்தது. கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது, நேரில் வந்து வாசியுங்கள் என்று. அவர் பதிலைச் சொல்ல நான் அடித்தேன். 'நான் தந்த எடுத்துக்காட்டு இப்போது செல்லாது' என்று ஒரே வரி. பாஸ்போர்ட்டுக்காக எடுத்திருந்த போட்டோக்களை என் மேஜையிலேயே மறந்துவிட்டுப் போனார். அப்புறம் சுனாமி வந்தது. இரண்டு குப்பத்திலும் வீடு போனது, ஆள் போனது. நிவாரண அரிசி வாங்கக்கூட இரண்டு வரிசையில்தான் நின்றார்கள். கடலே வந்து அடித்தும் சேராதவர்களை யாரால் சேர்க்க முடியும்? அம்மாவையும் தம்பியையும் வைத்திக்குப்பத்தில் சின்னம்மா வீட்டுப் பக்கம் குடிவைத்தேன். சாரும் வீட்டம்மாவும் அவருடைய மைத்துனரோடு இருப்பதற்காக பிரான்சுக்குப் போய்விட்டார்கள். புறப்படுவதற்கு முன் கடற்கரைச் சாலையில் ஒருதரம் பார்த்தேன். எப்படி இருக்கீங்க என்று நான் கேட்டு முடிப்பதற்குள், "நல்லாருக்கேன், நல்லாருக்கேன்" என்றார். அவர் சொந்தப் பழக்கத்தையும் கைவிட்டுவிட்டார்.

அந்தப் பழக்கம் முதன்முதலாக எங்கே விட்டுப்போனது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல மனம் வராமல்தான் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தேன். தம்பியை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவந்த வாரம், ஒரு பிற்பகல். கடையில் யாரும் இல்லை. சார் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். தாடி வளர்ந்திருந்தது. அந்தப் பழைய பட்டியலைத் திறக்கச் சொன்னார். திறந்தேன்.

"பன்னெண்டுன்னு போடும்மா."

போட்டேன்.

"சாவு விழுந்தால் கோயில் சாத்தப்படலாம்."

அடித்தேன். எதிரே மாற்று வழி எழுத வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. கர்சர் அந்தக் கட்டத்தில் மின்னி மின்னி நின்றது. என்னால் தாங்க முடியவில்லை.

"எனக்குத் தெரியும் சார்" என்றேன். "கோயில சாத்துவாங்கன்னு சின்னப் புள்ளையிலேருந்து தெரியும். அன்னிக்கி நீங்க என்னக் கேட்டீங்களே... நான்..."

எந்தக் கேள்விக்கும் விட்டத்தைப் பார்க்கிற மனிதர், வாட்சைப் பார்க்கிற மனிதர், அன்று என் வாக்கியத்தை முடிக்கவே விடவில்லை.

"நான் ஒன்னக் கேக்கவே இல்லியேம்மா" என்றார்.

திரையில் பதினோராவது வரி இருந்தது. அதற்குக் கீழே அவர் நிறுத்திக் கேட்டதும், நான் கை எடுக்காமல் பதில் சொன்னதும் இருவருக்கும் நன்றாக நினைவிருந்தது. எனக்குத் தெரிந்து அவர் சொன்ன ஒரே பொய் அதுதான். அதைச் சொல்ல அவருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.